கையளவுக் கார்

பெரியவர்கள் ஏறிச் செல்லும் ஊர்தியைச் சிறியதாகச் செய்து கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டி விளையாடிய மூன்று கால் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றுக்குச் சிறுதேர்ப் பருவம் என்றே பெயர். தேர் போய்க் கார் வந்த காலத்தில் அந்த ஆசை ஒரு புதிய கலையாக வளர்ந்திருக்கிறது. உண்மைக் காரை அளவு பிசகாமல் சிறிதாக்கி, உறுப்பு உறுப்பாகப் பொருத்தி, வண்ணம் பூசி, இறுதியில் வெயிலும் மழையும் அதன்மீது செய்திருக்கக்கூடிய வேலையையும் கையாலேயே செய்து முடிப்பது அக்கலை. சில ஆண்டுகளாக அதில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், அதைப் பற்றி மாணவர்களாகிய உங்களுக்குச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பொம்மைக்கும் சிற்றுருவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொம்மை குழந்தையின் கற்பனைக்குத் துணை செய்தால் போதும். நான்கு சக்கரமும் ஒரு கூரையும் இருந்தால் குழந்தை அதைக் காராக ஏற்றுக்கொள்ளும், தீப்பெட்டியையும் ஏற்றுக்கொள்ளும். சிற்றுருவின் கடமை வேறு. 'நீ காட்டுவது உண்மைதானா?' என்று கேட்டால் அது விடை சொல்ல வேண்டும். சிந்து வெளி நகரங்களை அகழ்ந்தபோது சுடுமண்ணால் செய்த சிறிய மாட்டு வண்டிகள் பல கிடைத்தன. அக்காலத்து மர வண்டிகள் மண்ணோடு மண்ணாக மக்கிப் போயின. ஆயினும் அவற்றின் சக்கரம் எப்படியிருந்தது, சட்டம் எவ்வாறு அமைந்தது என்பவற்றை அறிஞர்கள் பெரும்பாலும் இச்சிறு வண்டிகளைக் கொண்டே அறிகின்றனர். பெரியது அழிந்தது; சிறியது சான்றாக நின்றது. ஒரு சிற்றுரு சான்றாக நிற்க வேண்டுமானால் அதைச் செய்தவன் கண்ணால் கண்டதைச் செய்திருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

கார் சிற்றுருக்கள் உலகில் பரவிய வரலாறு சுவையானது. முதலில் அவை விற்பனைக்குத் துணையாகவே பிறந்தன. அமெரிக்காவில் 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. என்னும் நிறுவனம், புதிய கார்களின் சிறு மாதிரிகளைச் செய்து கார் விற்பனைக் கூடங்களுக்கு அளித்தது. இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் நிறுவனம் 1949-இல் செய்த பெர்குசன் டிராக்டர் மாதிரியும் அந்த டிராக்டரை விற்பவர்களுக்காகச் செய்யப்பட்டதே. பின்னர், 'ஒட்டி முடித்த மாதிரி எதற்கு? உறுப்புகளைத் தனித்தனியே பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வாங்குபவனே ஒட்டிக்கொள்வானே!' என்ற எண்ணம் பரவியது. ஒட்டுவதில் உள்ள இன்பத்தை இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். 1950-களின் இறுதிக்குள் கார் உறுப்புப் பெட்டிகள் ஒரு பெரிய வாணிகமாகிவிட்டன.

இதே காலத்தில் நிகழ்ந்த ஒரு போட்டி மாணவர்களுக்குச் சிறப்பாகத் தெரிய வேண்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாகிய பிஷர் பாடி, 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்காக ஒரு கைத்திறப் போட்டியை நடத்திவந்தது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றைச் சிற்றுருவாகச் செய்யச் சொன்னார்கள். பின்னர்த் தாமே கற்பனை செய்த காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யச் சொன்னார்கள். பரிசு கல்லூரிக் கட்டணத்துக்கான உதவித்தொகை. மரத்தைச் செதுக்கியும், சாந்தைத் தேய்த்தும், தகட்டை வளைத்தும் வீட்டு மூலையில் உட்கார்ந்து வேலை செய்த பையன்கள் பலர், பின்னாளில் கார்களை உருவமைக்கும் வல்லுநர்களாயினர். 1947-இல் பரிசு பெற்ற சக் ஜார்டன் என்பவர் அதே ஜெனரல் மோட்டார்ஸில் உருவமைப்புத் துறைக்குத் தலைவராகவே உயர்ந்தார். கையால் செய்து பழகியவனுக்குக் கண்ணும் திறக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி, இக்கலையின் கணக்கைப் பார்ப்போம். கார் சிற்றுருக்களில் பெருவழக்காக உள்ள அளவு விகிதங்களுள் ஒன்று 1:24. அதாவது, உண்மைக் காரின் 24 அங்குலம் சிற்றுருவில் ஓர் அங்குலம். நம் நாட்டில் எல்லோரும் அறிந்த அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், சிற்றுருவில் அது 18 சென்டிமீட்டராகிவிடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தொலைவு 97 அங்குலம். அது நான்கு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக வரும். காரின் அருகில் நிற்கும் 168 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் 7 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பான்.

நீளம் 24-இல் ஒன்றாகக் குறையும்போது பரப்பு 576-இல் ஒன்றாகவும், கன அளவு 13,824-இல் ஒன்றாகவும் குறைகின்றன. ஏறக்குறைய 1,100 கிலோகிராம் எடையுள்ள அம்பாசடரை ஒரு மந்திரவாதி அப்படியே சுருக்கிவிட்டால் அதன் எடை 80 கிராம்தான் இருக்கும். வகுப்பில் வறட்டுக் கணக்காகத் தோன்றும் இருபடியும் முப்படியும் மேசைமீது ஒரு காராக வந்து நிற்கின்றன.

இக்கணக்கிலிருந்து வேறொரு விதியும் பிறக்கின்றது. 1:24 சிற்றுருவை 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறோம் எனக் கொள்ளுங்கள். உண்மைக் காரை 7 மீட்டருக்கும் சற்று அப்பால் நின்று பார்ப்பதற்கு அது சமம். அத்தொலைவில் நின்றால் கரிய டயர் முழுக் கருமையாகத் தெரியாது. சற்றுச் சாம்பல் படர்ந்தே தெரியும். சிவப்பு சற்று மங்கும். பளபளப்பும் சற்று அடங்கும். ஆகவே உண்மைக் காரின் வண்ணக் குப்பியிலிருந்தே வண்ணத்தை எடுத்துப் பூசினாலும் சிற்றுருவில் அது பொருந்துவதில்லை. சிறிது வெளுப்பாக்கிப் பூச வேண்டியிருக்கிறது. பொருளின் அளவு மாறினால் வண்ணமும் மாற வேண்டும் என்பதை முதன்முதல் உணர்ந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

நான் அம்பாசடரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவில், ஆங்கில மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு 1957-இல் தோன்றியது அது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் முகப்புக் கம்பிச் சட்டமும் விளக்குகளும் எஞ்சினும் மாறின. உடல் அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருந்தது. அமைச்சரை ஏற்றிச் சென்றதும் அதுவே. திருமண வீட்டாரை மெத்தைகளோடும் அண்டாக்களோடும் ஏற்றிச் சென்றதும் அதுவே. ஒரே உருவம் பல வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. ஆகவே அம்பாசடரைச் செய்ய முனைபவன், 'எந்த அம்பாசடர்?' என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கூரைமேல் சிவப்பு விளக்கு வைத்த வெள்ளைக் காரா? அமைச்சர்களும் அதிகாரிகளும் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் 2017 மே முதல் நாளோடு முடிந்தது. ஆகவே அச்சிற்றுரு காட்டும் காலம் அதற்கு முந்தியது. மஞ்சள் எண்பலகையில் கறுப்பு எழுத்தா? அப்படியானால் அது வாடகைக் கார். அதற்கேற்ற தேய்மானம் அதில் இருந்தாக வேண்டும்.

தொடக்கத்தில் விலையுயர்ந்த உறுப்புப் பெட்டி தேவையில்லை. கடையில் கிடைக்கும் எளிய பிளாஸ்டிக் காரை வாங்கித் திருகுகளைக் கழற்றிப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். பிறகு உண்மைக் காரின் படங்களோடு ஒப்பிட்டு, எது மிகை, எது குறை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பொம்மையில் சக்கரங்கள் பெரும்பாலும் தடித்திருக்கும். கண்ணாடிச் சட்டங்கள் பருத்திருக்கும். பொம்மை உடையாமலிருக்க அத்தடிப்பு தேவைப்பட்டது. சிற்றுருவில் அவற்றை அரம் கொண்டு அராவி மெலிதாக்க வேண்டும். இல்லாத கதவுப் பிடியை மெல்லிய கம்பியை வளைத்துச் செய்யலாம்.

உறுப்புப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம், மாவுப் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலந்து, திரவம் ஆவியானதும் இறுகி ஒன்றாகிவிடுகின்றன. உலோகத்தைப் பற்றவைப்பதற்கு நிகரான வேலை என்று இதனைச் சொல்லலாம். ஆகவே ஒட்டுவதற்கு முன், திரவம் இல்லாமலே பொருத்திப் பார்ப்பது நல்லது. கத்தியை எப்பொழுதும் உடலுக்கு வெளிப்புறமாகவே இழுக்க வேண்டும். திரவத்தையும் வண்ணத்தையும் சன்னல் திறந்த இடத்தில்தான் கையாள வேண்டும். வண்ணத்தைத் தூவும்போது மூக்கையும் வாயையும் மூடும் தகுந்த முகக்கவசம் அணிவதும் இன்றியமையாதது.

அடுத்தது வண்ணம் பூசுதல். பொறுமையில்லாதவர்கள் இக்கலையை விட்டு விலகுவது பெரும்பாலும் இக்கட்டத்திலேதான். முதலில் உடற்பகுதியைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். இடைவெளியும் குழியும் உள்ள இடங்களில், கார்ப் பட்டறையில் செய்வது போலவே, பட்டி பார்க்க வேண்டும். பின் நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, சாம்பல் நிற அடிப்பூச்சைக் கொடுக்க வேண்டும். குறைகளை வெளிக்காட்டுவது அடிப்பூச்சின் ஒரு வேலை. நம் கண்ணுக்குத் தப்பிய கீறல் அதில் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சரிசெய்து மறுபடியும் பூச வேண்டும்.

வண்ணத்தை ஒரே முறையில் தடிப்பாகப் பூசக் கூடாது. இதற்கும் கணக்குண்டு. உண்மைக் காரின்மேல் உள்ள பூச்சுகள் அனைத்தும் சேர்ந்தும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பளவிலேயே இருக்கும். சிற்றுருவில் நாம் பூசும் பூச்சு 0.05 மில்லிமீட்டர் என்றாலே, அது உண்மைக் காரின்மேல் 1.2 மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒப்பாகும். கதவின் விளிம்பும் பெயர்ப்பொறிப்பும் அதற்குள் புதைந்துவிடும். ஆகவே மெல்லிய பூச்சுகளாக மூன்று நான்கு முறை, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்று என்று கொடுக்க வேண்டும். தூவும் குப்பியை ஒரு சாண் தொலைவுக்குக் குறையாமல் பிடித்து, காருக்கு வெளியே தூவத் தொடங்கி, காரைக் கடந்து வெளியே சென்று நிறுத்த வேண்டும்.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் லாக்கர் வகை வண்ணத்தைத் தூவினால், பளபளப்பாக இருக்க வேண்டிய பரப்பில் பால் படர்ந்தது போன்ற வெண்மை தோன்றுவதுண்டு. மண்பானையில் நீர் குளிர்வதற்குக் காரணம் என்ன என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இங்கும் அதுவே நடக்கிறது. வண்ணத்திலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகிறது, பரப்பு குளிர்கிறது, மழைக்காலக் காற்றிலுள்ள ஈரம் அக்குளிர்ந்த பரப்பில் நுண்துளிகளாகப் படிந்து வண்ணத்தோடு கலந்துவிடுகிறது. காரணம் தெரிந்தவன் வெறுப்படைவதில்லை. வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திருக்கிறான்.

வண்ணம் உலர்ந்து, கண்ணாடி பொருத்தி, எண்பலகை ஒட்டியாயிற்று. கார் இப்பொழுது விற்பனைக் கூடத்தில் நிற்பது போல ஒளிர்கிறது. பலர் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள், அதில் தவறொன்றுமில்லை. ஆனால் இதற்கப்பால் ஒரு படி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை 'வெதரிங்' என்பர். காலமும் தட்பவெப்பமும் மனிதர் கையும் ஒரு காரின்மீது விட்டுச் செல்லும் அடையாளங்களைச் சிற்றுருவில் காட்டுவது அது. நான் அதனை முதுமையூட்டல் என்று சொல்வது வழக்கம்.

அழுக்குப் பூசுவது எளிது என்று நினைப்போம். உண்மையில் இதுவே மிக அரிய பகுதி. கூரையின் நட்டநடுவில் துருப்பிடித்த சிற்றுருக் கார்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நீர் தங்குவதில்லை. பூச்சு பெயர்ந்தாலன்றி அவ்விடத்தில் துரு முதலில் வருவதற்குக் காரணமில்லை. சக்கரம் சேற்றில் புதைந்திருக்க, அதற்கு மேலுள்ள மட்கார்டு கழுவிவிட்டாற்போல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். இவை கைத்திறன் குறைவினால் வந்தவை அல்ல, பாராமையினால் வந்தவை. ஆகவே இப்பகுதிக்கு ஒரே ஒரு விதியைத்தான் சொல்வேன்: காரணம் சொல்ல முடியாத எந்தக் குறியையும் காரின்மேல் இடாதீர்கள்.

காரணங்கள் நான்கு வகையில் அடங்கும். முதலாவது வெயில். அது மேலிருந்து வருவது. எனவே கூரையும் பானெட்டும் டிக்கியின் மேற்பகுதியும் முதலில் வெளுக்கின்றன. பக்கங்கள் பின்னரே வெளுக்கின்றன. உடலின் வண்ணத்தோடு சிறிது வெண்மை கலந்து, மிக நீர்த்த பூச்சாக மேற்பரப்புகளில் மட்டும் கொடுத்தால் பல கோடைகள் கடந்த தோற்றம் வந்துவிடும்.

இரண்டாவது நீர். இரும்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் கூடினால் துரு உண்டாகிறது. உப்பும் சேர்ந்தால் அவ்வேலை விரைவாக நடக்கும். கடற்கரையோர ஊர்களில் கார்கள் விரைவில் துருவேறுவதன் காரணம் இதுவே. நீர் எங்கே தங்குமோ அங்கேதான் துரு முளைக்கும். கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், கூரையோரத்து மழைநீர்த் தடம், இரு தகடுகள் சேரும் பொருத்துவாய் ஆகியவையே அதன் இருப்பிடங்கள். புதிய துரு செம்மஞ்சளாக இருக்கும். பழைய துரு கரும்பழுப்பாக இருக்கும். துருக்கறை எப்பொழுதும் கீழ்நோக்கியே வடியும்.

இதைக் காட்டச் சமையலறை உப்பே போதும். உடலுக்கு முதலில் துரு வண்ணம் பூசி உலரவிட்டு, துரு வேண்டிய இடங்களில் மட்டும் நீர் தொட்டுப் பொடித்த உப்பைத் தூவி, நீர் வற்றியபின் மேல் வண்ணத்தைப் பூச வேண்டும். வண்ணம் காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், வண்ணம் பெயர்ந்து துரு எட்டிப் பார்ப்பது போன்ற தோற்றம் கிடைக்கும். அளவு மட்டும் நினைவிருக்கட்டும். சிற்றுருவில் ஒரு மில்லிமீட்டர்ப் பொத்தல் என்பது உண்மைக் காரில் 24 மில்லிமீட்டர்; ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்.

மூன்றாவது தூசி. சக்கரம் சுழலும்போது புழுதியைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் எறிகிறது. ஆகவே சக்கரத்துக்குப் பின்னுள்ள பகுதி மிகுதியாக அழுக்கடையும். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாவதால் புழுதி அங்கே இழுக்கப்பட்டு டிக்கியில் படிகிறது. முன் கண்ணாடியில் துடைப்பான் சென்ற விசிறி வடிவம் மட்டும் தெளிவாக இருக்கும். புழுதியின் நிறமும் ஊரைச் சொல்லும். கோவில்பட்டிக் கரிசலில் ஓடிய காரும் செம்மண் நிலத்தில் ஓடிய காரும் ஒரே நிறப் புழுதியைச் சுமப்பதில்லை.

புழுதிக்கு வண்ணச் சுண்ணக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்து எடுத்த பொடியைப் பயன்படுத்தலாம். ஊர் மண்ணையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். மணலின் ஒரு துகள் 0.2 மில்லிமீட்டர் இருந்தால், 1:24 அளவில் அது மிளகளவுக் கல்லாகத் தோன்றும். எனவே மண்ணை நெருக்கமான துணியில் சலித்து, விரலில் தேய்த்தால் முகப்பூச்சு மாவு போல் படியும் பகுதியை மட்டும் கொள்ள வேண்டும். கதவிடுக்கிலும் பானெட் இடுக்கிலும் சேரும் கரிய அழுக்குக்கு, எண்ணெய் வண்ணத்தை டர்பெண்டைனில் மிக நீர்க்கக் கரைத்து, தூரிகை நுனியால் இடுக்கில் ஒருமுறை தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நுண்புழை ஈர்ப்பினால் அது தானே இடுக்கு நெடுகிலும் ஓடிச் செல்லும்.

நான்காவது மனிதர் கை. இதைக் கவனிப்பவர் சிலரே. நான் ஒரு வாடகை அம்பாசடரைச் செய்யத் தொடங்கியபோது, ஓர் இரயில் நிலையத்தின் வாசலில் நிற்கும் அத்தகைய கார் ஒன்றைப் பல நாள் சென்று பார்த்துக் குறிப்பெடுத்தேன். வலப்பக்க முன்கதவில், கண்ணாடிக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் வெள்ளை மங்கி அடித்தகடு தெரிந்தது. ஓட்டுநர் முழங்கையை ஊன்றிக்கொள்ளும் இடம் அது. கதவுப் பிடிகளில் மிகவும் தேய்ந்தது இடப்பக்கப் பின்கதவின் பிடி. நம் நாட்டில் கார் சாலையின் இடப்புறம் ஒதுங்கி நிற்பதால், பயணிகள் பெரும்பாலும் அப்பக்கமாகவே ஏறி இறங்குகிறார்கள். கூரையோரத்தில் கேரியரின் கொக்கிகள் கவ்வியிருந்த இடங்களில் மட்டும் துருப் புள்ளிகள். பானெட்டில் ஆயுத பூசையன்று இட்ட சந்தனம் காய்ந்து, பொட்டின் நிழல் மாத்திரம் எஞ்சியிருந்தது. இடப்பக்கப் பின்கதவின் கீழ்ப்பாதி வேறொரு வெள்ளையாக இருந்தது. ஓட்டுநரைக் கேட்டேன். "அது கல்யாண மண்டபத் தூணுல உரசினதுங்க. பெயிண்ட் அடிச்சவர் அதே வெள்ளைதான்னு சொன்னாரு. எனக்கு மட்டும் தெரியும், அது வேற வெள்ளை" என்றார்.

அந்த வேறு வெள்ளையைக் கலந்து எடுக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. அடுத்த ஆண்டு நான் அங்குச் சென்றபோது அந்தக் கார் இல்லை. காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். உத்தரபாராவில் புதிய அம்பாசடர்கள் பிறப்பதில்லை. இருப்பவையும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. மெருகிட்ட அம்பாசடர்களை அருங்காட்சியகங்கள் காப்பாற்றும். அமைச்சர்களின் கார்களுக்குப் படங்கள் இருக்கும். முழங்கை தேய்ந்த கதவையும், ஊரார் பிடித்துப் பிடித்து ஒளி மங்கிய கைப்பிடியையும் யார் வைத்துக் காப்பாற்றப் போகிறார்கள்? உழைத்த கார்தான் பெரும்பாலோர் அறிந்த கார்; ஆனால் அதுதான் முதலில் அழிகிறது. சிந்து வெளியின் மர வண்டிகளுக்கு நேர்ந்தது நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

'ஒரு மாதம் பாடுபட்டுப் பளபளப்பாக்கிய காரை அழுக்காக்கிக் கெடுப்பதா?' என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. மணமகனை அழைத்துவரப் புறப்பட்ட காரைச் செய்பவன் அதை மெருகோடுதான் செய்ய வேண்டும். அந்நாளில் அதுவே உண்மை. அச்சம் காரணமாகத் தயங்குபவர்களுக்கு வேறொரு வழியுண்டு. மேல் வண்ணத்தின்மீது ஒளிபுகும் ஆக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்து நன்கு உலரவிட்டால், அதன்மேல் இடும் எண்ணெய் வண்ணக் கறையை, உலர்வதற்கு முன் டர்பெண்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுத்துவிடலாம். சுண்ணக்கட்டிப் பொடியை நீரில் கழுவிவிடலாம். கை அடங்கும் வரையில் இட்டும் அழித்தும் பழகலாம். மற்றொன்று: போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். சமையலில் உப்பைப் போலத்தான் இதுவும்.

கண்ணால் கண்டதைப் பிசகாமல் செய்தவர்களுள் அமெரிக்கரான மைக்கேல் பால் சுமித்தை நினைக்கலாம். 2018-இல் காலமான இவர், தம் இளமைப் பருவத்து ஊரை நினைவிற்கொண்டு, எல்ஜின் பார்க் என்னும் கற்பனை ஊரை 1:24 அளவில் கட்டினார். சிற்றுருக் கார்களையும் சிறு கட்டடங்களையும் ஒரு மேசைமீது வைத்து, அதைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், பின்னாலிருக்கும் உண்மை மரங்களும் வீடுகளும் சிற்றுருவோடு அளவொத்துத் தெரியும் இடத்தில் நிறுத்தி, எளிய கேமராவினால் படமெடுத்தார். பார்த்தவர்கள் பலர் அவை 1950-களில் எடுத்த உண்மைப் படங்கள் என்றே எண்ணினார்கள். நிழல் விழும் திசை, தெருவோரத்து ஈரம், காரின்மேல் படிந்த ஒளி ஆகியவற்றை அவர் உற்றுப் பார்த்திருந்ததே அதன் இரகசியம்.

மாணவர்களே, இக்கலைக்கு வேண்டிய பொருள்கள் பல. ஆனால் அவற்றுள் முதலாவதற்கு விலையில்லை. இன்று மாலை உங்கள் தெருவில் நிற்கும் ஒரு பழைய காரையோ, வேனையோ, ஆட்டோவையோ உரியவரிடம் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். ஒரு தாளில் அதன் உருவத்தைக் கோடாக வரைந்து, எங்கெங்கே வெளுத்திருக்கிறது, எங்கே துரு, எங்கே கீறல், எங்கே வேறு வண்ணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அதன் காரணத்தை எழுதுங்கள். காரணம் தெரியாத குறி ஏதேனும் இருந்தால், அந்த வண்டியை ஓட்டுபவரைக் கேளுங்கள். அவர் மகிழ்ச்சியோடு சொல்வார். அவரிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

தாள் நிறைந்த பிறகு தூரிகையை எடுங்கள்.